மேலிருந்து பார்த்தால் ஒரு சுரங்கம் எவ்வளவு பெரியது?

கூகுள் எர்த்தில் டைம்லாப்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. அதைத் திறந்து நெய்வேலிக்குப் போய், 1984-இலிருந்து ஓடவிட்டுப் பாருங்கள். வெளிறிய பள்ளம் ஒன்று தெரியும். ஆண்டுகள் போகப் போக அது பெரிதாகும் என்றுதான் எதிர்பார்ப்போம். பெரிதாகவும் செய்கிறது, ஆனால் அதைவிட முக்கியமாக அது நகர்கிறது. முன்பக்கம் வயல்களையும் முந்திரித் தோப்புகளையும் தின்றுகொண்டு போகிறது, பின்பக்கம் மண்மேட்டை விட்டுவிட்டுப் போகிறது, அந்த மேடும் சில ஆண்டுகளில் பச்சை பிடித்துவிடுகிறது.

சரி, அப்படியானால் நெய்வேலிச் சுரங்கம் எவ்வளவு நிலத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது? இன்றைய படத்தில் திறந்து கிடக்கும் பள்ளத்தை மட்டும் அளந்தால் ஒரு விடை வரும். 1957-இல் முதல் மண் வெட்டப்பட்டதிலிருந்து இன்றுவரை ஒருமுறையாவது புரட்டிப் போடப்பட்ட நிலத்தையெல்லாம் கூட்டினால் அதைவிடப் பெரிய இன்னொரு விடை. மண்மேடு, சாம்பல் குளம், கன்வேயர் ஓடும் பாதை, திருப்பிவிடப்பட்ட ஓடைகள், ஊழியர் நகரியம், கையகப்படுத்திவிட்டு இன்னும் கை வைக்காத நிலம் என்று சேர்த்துக்கொண்டே போனால் மூன்றாவது விடை. மூன்றும் சரியான விடைகள்தான், மூன்றையும் யாராவது ஒருவர் தனக்கு வசதியான மேடையில் சொல்லிக்கொண்டிருப்பார். செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சுரங்க நிலத்தை ஆராய்கிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: கோட்டை எங்கே போடுவது?

பள்ளம் ஏன் நகர்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு மேலே ஐம்பது மீட்டருக்குக் குறையாமல், சில இடங்களில் நூறு மீட்டர்வரைகூட, மண்ணும் மணற்கல்லும் கிடக்கின்றன. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அள்ளிப்போட வேண்டும். 1957 மே மாதம் நேரு தொடங்கிவைத்த வேலையில் நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான், அதுவரை நான்கு வருடம் மண் அள்ளுவதே வேலையாக இருந்திருக்கிறது. அள்ளிய மண்ணை எங்கே கொட்டுவது? தொடக்கத்தில் வெளியே கொட்டி மேடாக்குகிறார்கள். நிலக்கரி எடுத்து முடித்த பகுதி கொஞ்சம் கிடைத்த பிறகு, முன்னால் வெட்டுகிற மண்ணை கன்வேயர் வழியாகப் பின்னால் கொண்டுபோய் அந்தப் பள்ளத்திலேயே நிரப்பிவிடலாம். அதனால் திறந்த பள்ளத்தின் அகலம் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றுவிடும், அது கடந்து வந்த தடம் மட்டும் நீண்டுகொண்டே இருக்கும். ஒரே ஒரு நாளின் படத்தைப் பார்த்துவிட்டு, சுரங்கம் இவ்வளவுதான் என்று சொல்வது இதனால்தான் ஏமாற்று வேலையாகிவிடுகிறது. வருட வரிசை வேண்டும்.

அந்த வரிசை நம் கையில் இருப்பதே ஒரு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972 ஜூலையில் மேலே போனது. அதன் ஒரு படப்புள்ளி தரையில் சுமார் 80 மீட்டர், நம் கணக்கில் ஒன்றரை ஏக்கர், அதற்குள் என்ன இருந்தாலும் எல்லாம் ஒரே நிறம். 1982-இல் லேண்ட்சாட் 4 வந்தபோது புள்ளி 30 மீட்டருக்கு இறங்கியது, அதாவது 22 சென்ட். ஐரோப்பாவின் சென்டினல்-2 வந்த 2015-க்குப் பிறகு 10 மீட்டர், இரண்டரை சென்ட். ஒரு வீட்டுமனை அளவுக்கு நெருங்கிவிட்டோம். லேண்ட்சாட் ஒரே இடத்துக்குத் திரும்பி வர 16 நாள் எடுக்கும், சென்டினல்-2 இரண்டு செயற்கைக்கோள்களும் சேர்ந்தால் ஐந்து நாள். ஆனால் இந்தத் துறையைப் புரட்டிப்போட்டது எந்தக் கேமராவும் அல்ல என்பது என் எண்ணம். 2008-இல் அமெரிக்க அரசு லேண்ட்சாட் சேமிப்பு முழுவதையும் இலவசமாகத் திறந்துவிட்டது, அதுதான். அதற்கு முன்னால் ஒரு படம் 600 டாலர். அந்த விலையில் ஒரு சுரங்கத்தின் முப்பது வருட வரலாற்றை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? பத்து வருடத்துக்கு ஒன்று என்று மூன்று படம் வாங்கி ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதுவார்கள், நடுவில் நடந்ததெல்லாம் போனது போனதுதான்.

மேலிருந்து பார்க்கும் கருவிக்குச் சுரங்கம் எப்படித் தெரிகிறது? அதற்கு சுரங்கம் என்றெல்லாம் தெரியாது, எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி திரும்பி வந்தது என்பது மட்டும்தான் தெரியும். உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், அதற்கு அடுத்துள்ள, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் தாராளமாகத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பசுமைக் குறியீடு கிடைக்கிறது, வயலில் அது ஒன்றை நோக்கி ஏறும், வெறும் மண்ணில் பூச்சியத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கிடக்கும். நிலக்கரி எல்லா ஒளியையும் விழுங்கிவிட்டுக் கறுப்பாகத் தெரியும். புதிதாக வெட்டிய மண் பளிச்சென்று இருக்கும். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் அகச்சிவப்பில் இருட்டாகிவிடும். இரும்புத் தாது உள்ள இடத்தில் சிவப்பு தூக்கலாக இருக்கும், களிமண் கனிமங்கள் 2.2 மைக்ரான் பக்கத்தில் ஒளியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இந்தக் கடைசி அடையாளம் கனிமம் தேடுகிறவர்களுக்கு ரொம்பப் பிரியமானது.

ஆனால் பசுமை போய்விட்டது, பளிச்சென்று இருக்கிறது என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் சுரங்கம் தேடினால் மே மாதத்தில் பாதி மாவட்டமே சுரங்கமாகிவிடும். வறண்ட ஏரி அப்படித்தான் இருக்கும். அறுவடை முடிந்த வயல், உப்பளம், ஆற்று மணல், செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி, முள்வேலி போட்டு வண்ணக்கல் நட்ட மனைப்பிரிவு, எல்லாமே அந்த அடையாளத்தில் பொருந்தும். ஒரே படத்தை வைத்துக்கொண்டு கணினியோடு மல்லுக்கட்டுவதைவிட வருடம் முழுக்க அந்த இடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதுதான் வழி. வயல் வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ பச்சையாகி அடங்கும். ஏரி ஐப்பசி கார்த்திகையில் நிரம்பி, கோடையில் வற்றும். கல்குவாரி மழைக்கும் அசையாது வெயிலுக்கும் அசையாது, பன்னிரண்டு மாதமும் வெட்டவெளிதான், அதிலும் அதன் ஓரம் வருடா வருடம் ஒரே பக்கமாகத் தள்ளிப்போகும். ஒவ்வொரு படப்புள்ளிக்கும் இருபது முப்பது வருட வரைபடம் போட்டு, அது எந்த வருடம் சட்டென்று விழுந்தது, எப்போது மெல்ல ஏறத் தொடங்கியது என்று கண்டுபிடிக்கும் முறைகள் 2010 வாக்கிலிருந்து புழக்கத்தில் இருக்கின்றன. விழுந்த வருடம் தோண்டிய வருடம், ஏறத் தொடங்கிய வருடம் மரம் நட்ட வருடம் அல்லது கைவிட்ட வருடம்.

இங்கே கணக்கில் ஒரு பொறி இருக்கிறது, கட்டுரைகளைப் படிக்கிறவர்கள் அடிக்கடி இதில்தான் விழுகிறார்கள். எங்கள் முறையின் துல்லியம் 99 சதவீதம் என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பு, அதில் உண்மையான சுரங்கம் 10 சதுர கிலோமீட்டர். மீதி 990-இல் ஒரே ஒரு சதவீதத்தைக் கணினி தவறுதலாகச் சுரங்கம் என்று சொன்னாலும் கிட்டத்தட்ட 10 சதுர கிலோமீட்டர் பொய்ச் சுரங்கம் சேர்ந்துவிடும். துல்லியம் 99 சதவீதம்தான், ஆனால் பரப்பு இரண்டு மடங்கு. சுரங்கம் என்பது நிலத்தில் மிகச் சிறிய பங்கு என்பதால் இந்தத் தொல்லை இங்கே காட்டையோ வயலையோ அளப்பதைவிட மோசம். அதனால்தான் கணினி நிறம் தீட்டிய புள்ளிகளை அப்படியே எண்ணிப் பரப்பு சொல்லக்கூடாது, ஆங்காங்கே மாதிரி இடங்களை எடுத்து, மனிதக் கண்ணால் சரிபார்த்து, பிழையைக் கழித்துத்தான் சொல்ல வேண்டும் என்று இந்தத் துறையில் வலியுறுத்துகிறார்கள்.

கணினியை நம்பாமல் கையாலேயே வரைந்தவர்களும் உண்டு. வியன்னா பொருளாதாரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்டர் மௌஸும் அவரது குழுவும் உலகம் முழுவதும் உள்ள சுரங்கங்களை இப்படித்தான் எடுத்தார்கள். ஒரு வணிகத் தரவுத்தளத்தில் இருந்த சுரங்கப் புள்ளிகளைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் படங்களைக் கண்ணால் பார்த்து, பள்ளம், கழிவு மேடு, கழிவுநீர்க் குளம், ஆலை எல்லாவற்றையும் சுற்றிக் கோடு போட்டார்கள். 2020-இல் வெளியிட்ட முதல் பதிப்பில் உலகச் சுரங்கப் பரப்பு 57,277 சதுர கிலோமீட்டர். தேடும் புள்ளிகளை அதிகமாக்கி 2022-இல் செய்த இரண்டாவது பதிப்பில் அதுவே 1,01,583 ஆகிவிட்டது. இரண்டு வருடத்தில் உலகம் அவ்வளவு தோண்டிவிடவில்லை, தேடிய இடம் கூடியது, அவ்வளவுதான். அடுத்த வருடமே டாங், வெர்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தனியாக வரைந்து வெளியிட்டார்கள். துண்டுகள் 74,548, முந்தையதைவிட நிறைய. பரப்போ சுமார் 66,000 சதுர கிலோமீட்டர், முந்தையதைவிடக் குறைவு. கோட்டை நெருக்கிப் போட்டால் நடுவில் கிடக்கும் புதரும் பாதையும் வெளியே போய்விடுமல்லவா. 66,000 என்பது கிட்டத்தட்ட இலங்கை முழுவதும், 1,01,000 என்றால் தமிழ்நாட்டில் முக்கால் பங்குக்கு மேல். இரண்டு குழுவும் நேர்மையானவர்கள், வேலையை ஒளிக்காமல் வெளியிட்டவர்கள், ஆனாலும் நடுவில் ஒரு கேரளாவுக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி. மௌஸும் வெர்னரும் பிறகு சேர்ந்து எழுதிய ஒரு குறிப்பு இதைவிடக் கவனிக்க வேண்டியது: படத்தில் தெரியும் சுரங்கப் பரப்பில் பாதிக்கும் மேலான இடத்துக்கு, அங்கே என்ன எடுக்கிறார்கள், எவ்வளவு எடுக்கிறார்கள் என்ற உற்பத்தித் தகவலே அந்தத் தரவுத்தளத்தில் கிடையாது.

இதெல்லாம் பெரிய சுரங்கங்களின் கதை. பெருவின் மாத்ரே தெ தியோஸ் பகுதியில் தங்கம் எடுப்பது வேறு மாதிரி. அங்கே பெரிய நிறுவனம், பெரிய பள்ளம் என்று எதுவும் இல்லை. மழைக்காட்டை வெட்டி, ஆற்றுப் படுகையைப் பம்பு வைத்துக் கலக்கி, பாதரசம் சேர்த்துத் தங்கத்தைப் பிடித்துவிட்டு, சேற்றுக் குளங்களை அப்படியே விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். 2013-இல் கிரெக் ஆஸ்னர் குழு வெளியிட்ட கணக்கில் 1999-இல் பத்தாயிரம் ஹெக்டேருக்கும் குறைவாக இருந்த தங்கக் குழிகள் 2012-இல் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தன. 2008-க்கு முன் வருடத்துக்கு 2,166 ஹெக்டேர் காடு போனது, அதற்குப் பிறகு 6,145. காரணம் என்ன என்றால் அமேசானில் தேடாதீர்கள், நியூயார்க்கில் தேடுங்கள்: நிதி நெருக்கடியில் பயந்துபோன உலகம் தங்கம் வாங்கியது, விலை ஏறியது, காடு விழுந்தது. முன்பு கண்ணுக்குத் தப்பியதும் இந்தச் சிறு குழிகள்தான். 30 மீட்டர் புள்ளிக்குள் கால்வாசி குழி, மீதி மரம் என்றால் பழைய முறைகள் அதை மரம் என்றே எழுதிவிடும். ஆஸ்னர் குழு ஒரு புள்ளிக்குள்ளேயே எவ்வளவு பங்கு இலை, எவ்வளவு பங்கு வெறும் மண் என்று பிரித்துப் பார்த்ததால்தான் அந்த எண்கள் கிடைத்தன. 2020 டிசம்பரில் விண்வெளி நிலையத்திலிருந்து ஒருவர் எடுத்த படத்தில் இந்தக் குளங்கள் வெயில் பட்டுத் தங்க ஆறு போலவே மின்னியதால் அது உலகம் முழுக்கச் சுற்றியது, அழகான படம்தான், ஆனால் அந்த மினுமினுப்பு முழுவதும் காடு இருந்த இடத்தில் தேங்கிய சேற்றுத் தண்ணீர்.

இலங்கையின் இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டும் குழிகளை இதே முறையில் பிடிக்க முடியுமா என்றால், கஷ்டம். மரச் சட்டம் அடித்து நேராகக் கீழே இறக்கும் குழி, வாய் சில மீட்டர்தான், பக்கத்திலேயே ரப்பரும் வயலும். இரண்டரை சென்ட் புள்ளிக்கு அது தட்டுப்படவே படாது. மேகாலயாவின் எலிவளைச் சுரங்கங்களும் அப்படித்தான், மேலே தெரிவது நிலக்கரி குவித்துவைத்த கறுப்புத் திட்டுகள் மட்டும், மனிதர்கள் ஊர்ந்து போகும் வளை எவ்வளவு தூரம் போகிறது என்பது மேலே யாருக்கும் தெரியாது.

பள்ளத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே வருவோம், ஏனென்றால் பெரிய எண்கள் அங்கேதான் இருக்கின்றன. சுரங்கம் வந்தால் ரோடு வரும், ரோடு வந்தால் ஆள் வரும், விறகு வேண்டும், கரி வேண்டும், வீடு வேண்டும். லாரா சோன்டரும் கூட்டாளிகளும் பிரேசில் அமேசானில் இதை அளந்து 2017-இல் வெளியிட்டார்கள். 2005 முதல் 2015 வரை சுரங்கத்தால் போன காடு 11,670 சதுர கிலோமீட்டர். குத்தகை எல்லைக்குள் போனதைப்போல 12 மடங்கு. எல்லையிலிருந்து 70 கிலோமீட்டர் தூரம்வரை அந்தத் தாக்கம் தெரிந்தது. எப்படித் தெரியும், எங்கேயோ விழுந்த மரத்துக்குச் சுரங்கம்தான் காரணம் என்று யார் சொன்னது என்று கேட்கலாம், கேட்க வேண்டும். சுரங்கத்துக்குப் பக்கத்தில் உள்ள காட்டையும், மண், சரிவு, நகரத் தூரம் எல்லாவற்றிலும் அதே மாதிரி இருந்து சுரங்கம் மட்டும் இல்லாத காட்டையும் ஜோடி சேர்த்து ஒப்பிட்டார்கள், வித்தியாசத்தைச் சுரங்கத்தின் கணக்கில் எழுதினார்கள். இது புள்ளியியல் வாதம், படம் நேரடியாகச் சொல்லும் விஷயமில்லை. நேரடியாகப் படத்தில் தெரிவதை மட்டும் எண்ணினால் எவ்வளவு என்பதற்கும் ஒரு ஆய்வு இருக்கிறது: 2000 முதல் 2019 வரை 26 வெப்பமண்டல நாடுகளில் பெருஞ்சுரங்கங்கள் நேரடியாக அழித்த காடு 3,264 சதுர கிலோமீட்டர், அதில் பாதிக்கும் மேல் இந்தோனேசியா ஒரே நாட்டில், பெரும்பாலும் நிலக்கரிக்காக. இருபது வருடத்தில் 26 நாட்டில் கோவா அளவுகூட இல்லையே என்று ஒரு சுரங்க நிறுவனம் விளம்பரம் போடலாம், ஒரே நாட்டில் பத்து வருடத்தில் அதைப் போல மூன்றரை மடங்கு என்று ஒரு காட்டுயிர் அமைப்பு துண்டறிக்கை அடிக்கலாம். இரண்டும் நல்ல இதழ்களில் வந்த எண்கள். கோடு வேறு.

அப்புறம் ஆழம். எனக்கு இந்தத் துறையிலேயே அதிகம் பேசப்பட வேண்டியதாகப் படுவது இதுதான். நம் ஊரில் குவாரிக்கு அரசு வாங்கும் கட்டணம் கன மீட்டர் கணக்கிலோ டன் கணக்கிலோதான். பரப்புக்கு ஒரு வரம்பு, ஆழத்துக்கு ஒரு வரம்பு. எல்லை தாண்டி அகலமாக வெட்டினால் பக்கத்து நிலத்துக்காரர் சண்டைக்கு வருவார், படத்திலும் தெரியும். அதே எல்லைக்குள் நின்றுகொண்டு இன்னும் இருபது மீட்டர் கீழே போனால் சாதாரணப் படத்தில் எந்த மாற்றமும் இருக்காது. ஆகவே பரப்பை மட்டும் பார்க்கும் கண்காணிப்பு, திருட்டைக் கீழ்நோக்கித் தள்ளிவிடுகிறது. ஆழத்தைப் பார்க்க உயர வரைபடங்கள் வேண்டும். 2000 பிப்ரவரியில் நாசா விண்கலத்தில் ரேடாரை வைத்துப் பதினோரு நாளில் உலகின் பெரும்பகுதி நிலத்தின் உயரத்தையும் அளந்தது, அந்த வரைபடம் இலவசம். நம் கார்ட்டோசாட்-1 இரண்டு கேமராவால் ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் பார்த்து உயரம் கணக்கிட்டது. பழைய உயரத்திலிருந்து புதிய உயரத்தைக் கழித்தால் போன மண்ணின் கன அளவு. நெய்வேலி போன்ற பெரும்பள்ளத்துக்கு இது நன்றாகவே வேலை செய்யும். ஐந்து ஏக்கர் குவாரிக்கு வராது, சில மீட்டர் பிழையே கணக்கைத் தின்றுவிடும், அங்கே ட்ரோன்தான். ஆனால் ஏழைக்கு ஏற்ற ஒரு வழி உண்டு: நிழல். படம் எடுத்த நேரத்துச் சூரியன் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பது படத்தோடு வரும் தகவலிலேயே இருக்கிறது. சூரியன் 45 பாகையில் இருந்து, குவாரிச் சுவரின் நிழல் 40 மீட்டர் விழுந்தால் ஆழம் ஏறக்குறைய 40 மீட்டர். தோராயம்தான். அனுமதி 20 மீட்டர் என்றால் அந்தத் தோராயமே போதும்.

மில்லிமீட்டர் கணக்கில் பார்க்கிற கண்ணும் இருக்கிறது. ஒரே இடத்தை ரேடாரால் திரும்பத் திரும்பப் பார்த்து, திரும்பி வரும் அலையின் ஏற்ற இறக்கம் முன்பைவிட எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்பதை வைத்து நிலம் எவ்வளவு இறங்கியது என்று சொல்லலாம், ஜார்க்கண்டின் ஜாரியாவில் நிலக்கரி எரிந்தும் எடுத்தும் நிலம் அமிழ்வதை இப்படிப் பார்க்கிறார்கள். 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடினோவில் சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்த பிறகு பழைய ரேடார் படங்களைத் தோண்டி எடுத்தார்கள். வல்லுநர் குழுவின் அறிக்கை, மெதுவான அமிழ்வு இருந்தது, வருடத்துக்கு 36 மில்லிமீட்டருக்கும் குறைவு, உடையப்போகிறது என்று சொல்லக்கூடிய அறிகுறி எதுவும் இல்லை என்றது. 2021-இல் வந்த வேறொரு ஆய்வு அதே மாதிரிப் படங்களை வேறு முறையில் அலசி, அறிகுறி இருந்தது, பார்த்திருந்தால் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம் என்றது. ஒரே அணை, ஒரே மண். நடந்த பிறகு பார்ப்பவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் இரண்டாவது ஆய்வைப் படிக்க வேண்டும்.

இந்தியாவில் இந்தப் படங்கள் நீதிமன்றம்வரை போயிருக்கின்றன. ஆரவல்லி மலையில் நடந்த சட்டவிரோதச் சுரங்கங்கள் பற்றிய வழக்கில் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட இந்திய வன அளவைத் துறையின் கணக்கு ராஜஸ்தானில் மாதிரிக்கு எடுத்த 128 குன்றுகளில் 31 காணவில்லை என்றது. மனிதர்கள் அனுமன் ஆகிவிட்டார்களா, மலையைத் தூக்கிக்கொண்டு ஓட என்று நீதிபதி கேட்டது அப்போதுதான். அங்கே வாதத்துக்கு வலு கொடுத்தது, 1967-68 காலத்துப் பழைய நில வரைபடம் இருந்தது. இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லாவிட்டால், இல்லை என்று படம் காட்டி என்ன பயன்?

2016-இல் மத்திய சுரங்க அமைச்சகம் ஒரு கண்காணிப்பு முறையைக் கொண்டுவந்தது. குத்தகை எல்லையைச் சுற்றி 500 மீட்டர் வரை படங்களில் சந்தேகமான மாற்றம் இருந்தால் மாநில அதிகாரிகளுக்கு எச்சரிக்கை போகும், அவர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். யோசனை நல்லதுதான். 500 மீட்டருக்கு அப்பால் குத்தகையே இல்லாமல் தோண்டுகிறவனுக்கு அது என்ன செய்யும் என்பது ஒரு கேள்வி, எச்சரிக்கை கிடைத்து நேரில் போய்ப் பார்க்கிற அதிகாரி யாருடைய வண்டியில் போகிறார் என்பது இன்னொரு கேள்வி. நிலக்கரித் துறையில் வேறு ஒன்று நடக்கிறது: கோல் இந்தியாவின் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களில் தோண்டிய நிலம் எவ்வளவு திரும்பப் பச்சையானது என்று அதன் திட்ட நிறுவனமே 2008-இலிருந்து வருடா வருடம் படம் வைத்து அளந்து சொல்கிறது. இதைப் பாராட்டலாம், ஆனால் பசுமைக் குறியீட்டுக்குச் சீமைக் கருவேலமும் பச்சைதான், ஒரே ரகத்தில் வரிசையாக நட்ட மரமும் பச்சைதான், முன்பு அங்கே இருந்த காடும் பச்சைதான். அந்த மேட்டில் மறுபடி நெல் விளையுமா, கிணற்றில் தண்ணீர் ஊறுமா என்பது அதில் வராது. தண்ணீர் என்றதும் நெய்வேலிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அங்கே நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கமே நடக்கும். அந்த இறைப்பின் எல்லை பள்ளத்தின் எல்லையைவிடப் பெரியது, அதைப் படத்தில் எந்தக் கோட்டாலும் சுற்றிவிட முடியாது, சுற்றுவட்டாரக் கிணறுகளில் கயிறு விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

2023 ஜூலை 26 அன்று நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய வளையமாதேவியில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்ட, கதிர் விட்டு நின்ற நெல்வயலில் பொக்லைன்கள் இறங்கின. மேலிருந்து பார்க்கிற கருவிக்கு அதற்கு முந்தைய நாள்வரை அது சந்தேகத்துக்கு இடமில்லாத வயல், பசுமைக் குறியீடு உச்சத்தில் இருந்திருக்கும். நெய்வேலிச் சுரங்க நிறுவனத்தின் கோப்பில் அது பல வருடங்களுக்கு முன்பே கையகப்படுத்திய சுரங்க நிலம். உழுது விதைத்தவர்களின் தரப்பில், கொடுத்த பணம் பத்தாது, சொன்ன வேலை கிடைக்கவில்லை, ஆகவே அது இன்னும் தங்கள் நிலம். உயர் நீதிமன்றம் அறுவடைவரை பொறுக்கக்கூடாதா என்று கேட்டது, பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. நிலப் பயன்பாட்டு வரைபடம் தயாரிக்கிற ஒருவர் அந்த ஜூலை மாதத்துக்கு அந்த இடத்துக்கு என்ன நிறம் கொடுப்பார்? வயல் என்று கொடுத்தால் கையகப்படுத்தல் மறைந்துவிடும், சுரங்கம் என்று கொடுத்தால் விவசாயி மறைந்துவிடுவார். நான் தயாரித்தால் வயல் என்றுதான் எழுதுவேன், பக்கத்தில் கையகப்படுத்திய ஆண்டைத் தனிப் பத்தியில் போடுவேன். நிறம் படத்திலிருந்து வர வேண்டும், உரிமை ஆவணத்திலிருந்து வர வேண்டும், இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் யாரோ ஒருவர் காணாமல் போவார்.

உங்கள் ஊருக்குப் பக்கத்துக் குவாரியைப் பார்க்க வேண்டுமா? கோப்பர்னிக்கஸ் பிரௌசர் என்று தேடினால் சென்டினல் படங்கள் இலவசமாகக் கிடைக்கும், கணக்குத் தொடங்க ஒரு மின்னஞ்சல் போதும். மாசி பங்குனியில் எடுத்த படத்தைத் தேர்ந்தெடுங்கள், மேகம் குறைவு, வருடா வருடம் அதே மாதம் என்றால் ஒப்பிடவும் சரியாக இருக்கும். தமிழ்நாட்டுச் சிறுகனிம விதிகளின்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை கொடுக்கக்கூடாது, அந்தத் தூரத்தை 10 மீட்டர் படத்திலேயே தாராளமாக அளக்கலாம், முப்பது புள்ளிகள். எல்லை தாண்டியிருக்கிறதா என்பதில்தான் சிக்கல். சுற்றுச்சூழல் அனுமதி கேட்டு பரிவேஷ் தளத்தில் விண்ணப்பித்தவர்கள் எல்லைக் கோப்பைப் போட்டிருப்பார்கள், அது கிடைத்தால் படத்தின் மேல் வைத்துப் பார்த்துவிடலாம். பழைய குத்தகைகளில் புல எண் மட்டும்தான் இருக்கும். புலப்பட நகல் சங்கிலி வைத்து அளந்து வரைந்தது, அதில் அட்சரேகை தீர்க்கரேகை கிடையாது, படத்தின் மேல் ஒட்டினால் சில பத்து மீட்டர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளி உட்காரும், அந்த இடைவெளிக்குள்தான் எல்லாத் தகராறும் நடக்கும். அதனால் மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை உதவி இயக்குநருக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு ஆர்டிஐ போட்டு, குத்தகை ஆணை நகலோடு எல்லைக் கற்களின் ஆயத்தொலைவுகளையும் அனுமதித்த ஆழத்தையும் சேர்த்துக் கேளுங்கள். முப்பது நாள் ஆகும். அதற்குள் பழைய படங்களை வருடத்துக்கு ஒன்றாக இறக்கி வைத்துக்கொள்ளலாம்.